நெருக்கடியைத் தீர்த்தவருக்கு வாக்கு விழுமா? – கேள்வி பதில்

பொருளாதார நெருக்கடிக்குப் பின் நடந்த தேர்தல்களை நாடு நாடாக ஒப்பிட்டுப் படிப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அதை அறிந்த நண்பர்கள், ஒரு வேட்பாளர் நெருக்கடியைக் கையாண்ட விதம் அவருடைய வாக்குகளை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லும்படி கேட்டார்கள். வந்த வரிசையிலேயே விடையளிக்கிறேன். என் துறைக்குள் வராத கேள்விகளுக்கு நீண்ட விடையை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (அரசியல் அறிவியல் மாணவி): நெருக்கடியை நன்றாகக் கையாண்டவர் வெல்கிறார், சொதப்பியவர் தோற்கிறார் என்று பாடத்தில் எழுதலாமா ஐயா?

எழுத வேண்டாம். நெருக்கடியைக் கையாளுவது ஒன்று. நெருக்கடி வந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் கட்டுரைகளே அதிகம் என்பதால், இந்த எச்சரிக்கையை இன்று நான் பலமுறை சொல்ல நேரிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் தொடங்கிய உலக நிதி நெருக்கடிக்குப் பின் ஐரோப்பாவில் நடந்தவற்றைப் பாருங்கள். அயர்லாந்தில் 2007-இல் 77 இடங்களை வென்றிருந்த ஃபியன்னா ஃபாயில் கட்சி 2011-இல் 20 இடங்களுக்குச் சுருங்கியது. ஸ்பெயினில் அதே ஆண்டு சோசலிஸ்டுகள் தோற்றார்கள். கிரேக்கத்தில் 2009-இல் ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குடன் ஆட்சிக்கு வந்த பாசோக் கட்சி 2012 மே மாதத்தில் 13 விழுக்காட்டுக்கு இறங்கி, 2015 சனவரியில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போனது. இவர்களுள் இடதுசாரிகளும் உண்டு, வலதுசாரிகளும் உண்டு. அவர்கள் கையாண்ட முறைகளும் ஒன்றல்ல. பதவியில் இருந்தார்கள் என்பதே இவர்களுக்குப் பொதுவாக இருந்தது. ஆகவே நீங்கள் அளக்க வேண்டியது, பதவியில் இருந்ததற்கான தண்டனையைக் கழித்த பிறகு எஞ்சி நிற்பது எவ்வளவு என்பதைத்தான். அந்த எச்சத்தைத்தான் கையாண்ட விதத்தின் கணக்கில் எழுதலாம்.

கேள்வி (பத்திரிகையாளர்): 2008 அமெரிக்கத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் ஒபாமாவிடம் தோற்றதற்கு அவர் பிரச்சாரத்தை நிறுத்தியதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. அதே நாள் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பேசிய மெக்கெய்ன், பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாகவே இருக்கிறது என்ற தம் வழக்கமான வாசகத்தைச் சொல்லிவிட்டார். அவர் அதற்கு என்ன விளக்கம் கொடுத்தாலும், சந்தை சரிந்துகொண்டிருந்த நாளில் அந்த வாசகம் அவரைவிட்டுப் போகவில்லை. அடுத்து 24-ஆம் தேதி, பிரச்சாரத்தை நிறுத்திவிட்டு வாஷிங்டன் செல்வதாகவும், 26-ஆம் தேதி நடக்கவிருந்த முதல் விவாதத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்றும் அறிவித்தார். குடியரசுத் தலைவராக வருபவர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஒபாமா விடையளித்து முடித்துக்கொண்டார். 25-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் கூட்டம் நடந்தது, உடன்பாடு ஏற்படவில்லை. மெக்கெய்ன் மறுநாள் விவாதத்துக்கே போய்ச் சேர்ந்தார். 29-ஆம் தேதி பிரதிநிதிகள் அவை வங்கிகளுக்கான 700 பில்லியன் டாலர் மீட்பு மசோதாவை 228-க்கு 205 என்று தோற்கடித்தது. எதிர்த்தவர்களில் மெக்கெய்னின் சொந்தக் கட்சியினரே மிகுதி. அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் விழுந்தது.

இப்போது கவனியுங்கள். அக்டோபர் 1 அன்று திருத்தப்பட்ட மசோதா செனட்டுக்கு வந்தபோது மெக்கெய்னும் ஒபாமாவும் இருவருமே ஆதரித்து வாக்களித்தார்கள். கொள்கையளவில் இருவருக்கும் இடையே வாக்காளர் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிய வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. அவர்கள் கண்டது நடத்தையின் வேறுபாட்டை மட்டுமே: ஒருவர் ஓடுவதும் நிற்பதும் திரும்புவதுமாக இருந்தார், மற்றவர் இருந்த இடத்திலேயே இருந்தார். தம் கட்சிக்காரர்களின் வாக்குகளைக்கூடத் திரட்ட முடியாத நிலையில் தலைமை ஏற்கப் போனதுதான் மெக்கெய்னின் பெரும் பிழை என்பது என் கருத்து. தீர்வு தம் கையில் இல்லாதபோது, தீர்க்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டுப் புறப்படக் கூடாது.

ஆனால் அதனால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். எட்டு ஆண்டுகளாக வெள்ளை மாளிகையில் இருந்தது அவருடைய கட்சி; புஷ்ஷின் செல்வாக்கோ அடிமட்டத்தில் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் சில கணிப்புகள் மெக்கெய்னைச் சற்று முன்னால் காட்டியது உண்மைதான். அது கட்சி மாநாட்டுக்குப் பின் வரும் தற்காலிக ஏற்றம். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் அவையில் ஒபாமா 365 வாக்குகளும் மெக்கெய்ன் 173-உம் பெற்றார்கள். அந்தப் பத்து நாள் குழப்பம் இல்லாமல் இருந்திருந்தால் இடைவெளி குறைந்திருக்கும். முடிவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கேள்வி: தேர்தலுக்கு முன் எந்தப் பங்குகளை வாங்கிவைக்கலாம்?

பங்குச் சந்தை ஆலோசனை என் துறை அன்று. உரிமம் பெற்ற ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி): பணவீக்கம் குறைந்துவிட்டது என்று அரசு சொல்கிறது, எங்கள் செலவு குறையவே இல்லை. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவரும் பொய் சொல்லவில்லை. 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள் ஓராண்டில் 170 ரூபாய் ஆகிறது. பணவீக்கம் 70 விழுக்காடு. அடுத்த ஆண்டு அது 172 ரூபாய் ஆகிறது; பணவீக்கம் 1.2 விழுக்காடு. நிதியமைச்சர் இரண்டாவது எண்ணைச் சொல்லி மகிழ்கிறார். நீங்கள் 172 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பழைய 100 ரூபாயை நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறீர்கள். சம்பளமும் அதே அளவு உயர்ந்தால்தான் காயம் ஆறும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். தேர்தல் அதற்கு முன்பே வந்துவிட்டால், விலையேற்றத்தைத் தடுத்து நிறுத்தியவரும் விலையேற்றியவரின் கணக்கிலேயே சேர்க்கப்படுவார்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி): இலங்கையில் ரணில் விக்கிரமசிங்க எரிபொருள் வரிசைகளை ஒழித்தார், பணவீக்கத்தை அடக்கினார்; ஆனால் 2024-இல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். இதை நன்றி கெட்ட செயல் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

'நன்றி' என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவைப்போம். அது வாக்காளரைக் கடன்காரராக்கும் சொல்.

அவர் சாதித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. சூலையில் மக்கள் சனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறினார். சூலை 20 அன்று நாடாளுமன்றம் ரணிலைச் சனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த கொழும்புப் பணவீக்கம், அடுத்த செப்டம்பரில் 1.3 விழுக்காட்டுக்கு வந்தது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டாலர் உதவித் திட்டம் கிடைத்தது. இவை எளிய செயல்கள் அல்ல.

ஆனால் அந்தச் சீரமைப்பின் செலவை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். 8 விழுக்காடாக இருந்த பெறுமதி சேர் வரி (மதிப்புக் கூட்டு வரி) படிப்படியாக உயர்ந்து 2024 சனவரியில் 18 ஆனது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் மீண்டும் 66 விழுக்காடும் கூட்டப்பட்டது. நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனதாக உலக வங்கி மதிப்பிட்டது. அதே வேளையில், எந்தக் குடும்பத்தை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்களோ அந்தக் குடும்பத்தின் கட்சிதான் நாடாளுமன்றத்தில் ரணிலைத் தாங்கிப் பிடித்தது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், அதாவது சனாதிபதித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, தீர்ப்பளித்தது.

இவ்வளவையும் மீறி ஏறத்தாழ 23 இலட்சம் பேர், அதாவது 17 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோர், அவருக்கு வாக்களித்தார்கள். 2020 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்குத் தேசியப் பட்டியல் (நாடு முழுவதும் பெற்ற வாக்குகளுக்கு ஏற்பப் பங்கிடப்படும் இடங்கள்) வழியாக ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படித்தால், கையாண்ட விதத்துக்கு மக்கள் மதிப்பெண் கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி (தேர்தல் பணியாளர்): தேர்தலுக்கு முன் கையில் பணம் கொடுத்தால் நெருக்கடி மறந்துவிடுமா?

சில வேளைகளில் தள்ளிப்போகும். 2023-இல் துருக்கியும் அர்ஜென்டினாவும் இதைத்தான் செய்தன. துருக்கியில் முந்தைய அக்டோபரில் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தி, ஓய்வூதிய வயது வரம்பை நீக்கி, வீடுகளுக்கு ஒரு மாதம் இலவச எரிவாயுவும் கொடுத்த சனாதிபதி எர்டோவான், மே மாத இரண்டாம் சுற்றில் 52 விழுக்காடு பெற்று வென்றார். அர்ஜென்டினாவின் பொருளாதார அமைச்சரே வேட்பாளராக நின்றார். செர்கியோ மாசா பெரும்பாலான ஊழியர்களுக்கு வருமான வரியை நீக்கினார், அடிப்படைப் பொருள்களுக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுத்தார், பணவீக்கம் 140 விழுக்காட்டைத் தொட்ட அக்டோபரிலும் முதல் சுற்றில் 36 விழுக்காட்டுக்கு மேல் பெற்று முதலிடத்துக்கு வந்தார். நான்கு வாரம் கழித்து இரண்டாம் சுற்றில் எதிர்வேட்பாளர் ஹாவியேர் மிலேயிடம் 11 புள்ளிகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் தோற்றார். பணம் அவரை இரண்டாம் சுற்றுக்குள் கொண்டுவந்தது. அதற்கு மேல் கொண்டுபோகவில்லை. துருக்கியின் வெற்றிக்கும் பணத்தை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள். கட்சிப் பற்றும், ஊடகங்களின் மீதான பிடியும், எதிர்க்கட்சி வேட்பாளர் தேர்வும் அங்கே பெரிய பங்கு வகித்தன.

கேள்வி: சுருக்கமாக, பொருளாதாரம்தானே எல்லாத் தேர்தல்களையும் முடிவு செய்கிறது?

இல்லை. முதல் விடையைப் படிக்கவும்.

கேள்வி (அதே வங்கி அதிகாரி): பிரேசிலில் கார்டோசோ பணவீக்கத்தை அடக்கினார், உடனே சனாதிபதி ஆனார். அவருக்குக் கிடைத்தது ரணிலுக்கு ஏன் கிடைக்கவில்லை? உங்கள் விளக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் பொருந்துவதாகத் தெரிகிறது.

நல்ல எதிர்வாதம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பெர்னாண்டோ என்றிக்கே கார்டோசோ 1993 மே முதல் 1994 மார்ச் வரை நிதியமைச்சர். அவருடைய குழு செய்த வேலை விந்தையானது. புதிய நாணயத்தை ஒரே இரவில் திணிக்காமல், 1994 மார்ச் 1 முதல் கணக்கில் மட்டுமே வாழும் ஓர் அலகை அறிமுகப்படுத்தினார்கள். பழைய நாணயத்தில் விலை நாள்தோறும் ஏறும்; கணக்கு அலகில் அதே விலை அசையாமல் நிற்கும். சம்பளமும் வாடகையும் அந்த அலகுக்கு மாறின. நான்கு மாதங்கள் இப்படிப் பழகிய பிறகு, சூலை 1 அன்று 2,750 பழைய நாணயத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த அலகே 'ரியால்' என்ற பெயரில் கைக்கு வந்தது. சூன் மாதத்தில் மட்டும் 47 விழுக்காடாக இருந்த விலையேற்றம் ஆகஸ்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. மே மாதம் வரை கணிப்புகளில் வெகுதூரம் முன்னே நின்ற இடதுசாரி வேட்பாளர் லூலா, அக்டோபர் 3 அன்று முதல் சுற்றிலேயே தோற்றார். கார்டோசோவுக்கு 54 விழுக்காடு.

அங்கே பணவீக்கம் ஏழைகள்மீது விதிக்கப்பட்ட வரியாக இருந்தது. வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் விலையேற்றத்துக்கு ஏற்ப வளரும் வைப்புகளில் பணத்தைக் காத்துக்கொண்டார்கள். சம்பளத்தைத் தாளாகக் கையில் வாங்கியவர்களுக்கு மாதக் கடைசியில் பாதிதான் மிஞ்சியது. ரியால் வந்த மாதத்திலேயே அந்த வரி நின்றது. தீர்வே நிவாரணமாகவும் இருந்தது. இலங்கையிலோ தீர்வு புதிய வரியாகவும் புதிய கட்டணமாகவும் வீட்டுக்கு வந்தது. கால அளவும் வேறு: பிரேசிலில் நாணயத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் இடையே மூன்று மாதம், இலங்கையில் வரிசைகள் ஒழிந்து இரண்டு ஆண்டுகள்.

கேள்வி (இலங்கை வாசகர்): நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளை விட்டுவிட்டு, எங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்தார்கள். அதுவும் போதாதென்று, ரணில் தேர்தலில் நின்ற சின்னம் எரிவாயு சிலிண்டர். நள்ளிரவில் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டு வரிசையில் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்னம் என்ன சொல்லும் என்று நினைக்கிறீர்கள்?

சேமலாப நிதியை நான் விட்டது பிழைதான். என் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று இல்லை. வங்கிகள் சரிந்தால் எல்லோரும் சரிவோம் என்ற காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணத்தில் பொருள் உண்டு. ஆனால் தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பு மட்டும் குறைந்த வட்டிக்கு மாற வேண்டும், மாறாவிட்டால் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, யாருடைய சட்டைப்பையில் கை போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சிலிண்டரைப் பற்றி: 'வரிசையை ஒழித்தவன் நான்' என்று நினைவூட்டவே அந்தச் சின்னம். ஆனால் ஒரு சின்னம் எந்த நினைவைக் கிளப்ப வேண்டும் என்று வேட்பாளரால் கட்டளையிட முடியாது. சிலருக்கு வரிசை முடிந்தது நினைவுக்கு வரும். சிலருக்கு வரிசையில் நின்றது நினைவுக்கு வரும். இன்னும் சிலருக்கு இன்றைய சிலிண்டர் விலை நினைவுக்கு வரும்.

கேள்வி (இளம் வழக்கறிஞர்): பதவியில் இல்லாத வேட்பாளர் நெருக்கடியின் நடுவே என்ன செய்ய முடியும்? அவருக்குக் கையாள எதுவும் இல்லையே?

உண்டு. அவர் சொல்லும் சொல்லே சந்தையை அசைக்கும். 1997 திசம்பர் 3 அன்று தென்கொரியா பன்னாட்டு நாணய நிதியத்துடன் உடன்பாடு செய்தது. 18-ஆம் தேதி தேர்தல். உடன்பாட்டைக் காப்போம் என்று முன்னணி வேட்பாளர்களிடம் முன்கூட்டியே உறுதி கேட்கப்பட்டது. எதிர்க்கட்சி வேட்பாளர் கிம் டே-சுங் மறுபேச்சு நடத்துவேன் என்று பேசி, நாணயம் சரிவதைக் கண்டு பின்வாங்கினார். இரண்டு புள்ளிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். 2002-இல் லூலா வெல்லக்கூடும் என்ற அச்சத்தில் பிரேசில் நாணயம் விழத் தொடங்கியபோது, ஒப்பந்தங்களை மதிப்போம் என்று சூன் மாதத்திலேயே பிரேசில் மக்களுக்கு ஒரு திறந்த கடிதம் வெளியிட்டு அவர் அச்சத்தைத் தணிக்க முயன்றார், அக்டோபரில் வென்றார்.

இதற்கு நேரெதிர் வழி அமெரிக்காவின் ரூஸ்வெல்ட்டுடையது. 1932 நவம்பரில் வென்ற அவர் 1933 மார்ச் 4 வரை பதவியேற்க முடியாது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் கூட்டு அறிக்கைகளுக்கு அப்போது பதவியிலிருந்த ஹூவர் பலமுறை அழைத்தும் அவர் இணங்கவில்லை. வங்கிகள் மாநிலம் மாநிலமாக மூடப்பட்டன. பொறுப்பு தம் கைக்கு வருமுன் பழியில் பங்கு கொள்ள அவர் விரும்பவில்லை. மார்ச் 12 இரவு வானொலியில் பேசினார். மறுநாள் வங்கிகள் திறந்தபோது எடுத்த பணத்தைத் திரும்பப் போட மக்கள் வரிசையில் நின்றார்கள். இது அரசியல் திறமை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த நான்கு மாதங்களில் சேமிப்பை இழந்தவர்களிடம் கேட்டால் வேறு சொல் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி: 1991-இல் இந்தியாவை மீட்ட நரசிம்ம ராவை 1996-இல் மக்கள் ஏன் தோற்கடித்தார்கள்?

ஒரு தேர்தலுக்கு ஒரு காரணம் தேடாதீர்கள் என்று மீண்டும் சொல்கிறேன். சில வார இறக்குமதிக்கே செலாவணி இருந்த நிலையிலிருந்து நாடு மீண்டது உண்மை. 1996-க்குள் அந்த அச்சம் பொதுமக்களின் நினைவிலேயே இல்லை. வந்து சேராத பேரழிவுக்கு யாரும் வாக்களிப்பதில்லை. பாபர் மசூதி இடிப்பு, ஹவாலா இலஞ்ச வழக்கு, கட்சிப் பிளவுகள் ஆகியவை முன்னே நின்றன. காங்கிரசு 140 இடங்களுக்கு இறங்கியது. ஆனால் அதே அமைச்சரவையில் வணிகத் துறையைப் பார்த்த ப. சிதம்பரம், தமிழ் மாநில காங்கிரசில் நின்று சிவகங்கையில் வென்று அடுத்த அரசின் நிதியமைச்சரானார். சீர்திருத்தத்துக்கு எதிரான தீர்ப்பு என்றால் அவரும் தோற்றிருக்க வேண்டும்.

கேள்வி: நெருக்கடி வராமலே தடுத்தவருக்கு வாக்கு கிடைக்குமா?

பெரும்பாலும் இல்லை. 2008–09-இல் பெரும் செலவுத் திட்டங்களுடன் ஆஸ்திரேலியாவை மந்தநிலைக்குள் விழாமல் காத்த கெவின் ரட்டை, 2010 சூனில் அவருடைய கட்சியே பதவியிலிருந்து இறக்கியது. அடுத்த தேர்தல் தொங்கு நாடாளுமன்றத்தில் முடிந்தது. வெள்ளம் வந்தபின் கொடுக்கும் உதவிக்கு வாக்கு உண்டு, கரையை உயர்த்தியதற்கு இல்லை.

கேள்வி: அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்று கணிக்க உங்கள் வாய்பாடு என்ன?

வாய்பாடு இல்லை. இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்ட மற்ற ஆறு பேருக்கும் இதுவே விடை.

கேள்வி: வேலையின்மை உச்சத்தில் இருக்கும்போது ஆளுங்கட்சி வென்றதே கிடையாது, சரிதானே?

தவறு. 1936-இல் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றபோது வேலையின்மை இன்னும் மிக உயரத்தில்தான் இருந்தது, ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. ரீகன் 1982-இல் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டியபோது பதவிக்காலத்தின் நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி அடிவாங்கியது. அது 7 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிய 1984-இல் 49 மாநிலங்களை வென்றார். மட்டத்தை மட்டும் பார்க்காமல் திசையையும் பாருங்கள்.

கேள்வி (வங்கி அதிகாரி, மூன்றாம் முறை): அப்படியானால் 1995-இல் அர்ஜென்டினாவில் சனாதிபதி மெனெம் எப்படி மீண்டும் வென்றார்? வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தது, சுமை தொழிலாளர்மீது விழுந்தது. உங்கள் சுமைக் கணக்குப்படி அவர் தோற்றிருக்க வேண்டும்.

இதற்கு எளிதாக விடை சொல்லிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1995 மே மாதத்தில் அங்கே வேலையின்மை 18 விழுக்காடு. வேலையின் திசை கீழ்நோக்கித்தான் இருந்தது. மெனெம் ஏறத்தாழ 50 விழுக்காடு வாக்குடன் வென்றார். 1989-இன் மீப்பெரும் பணவீக்கத்தை மக்கள் மறக்கவில்லை. அது எவ்வளவு கொடியது என்றால், அன்றைய சனாதிபதி அல்போன்சின் திசம்பரில் ஒப்படைக்க வேண்டிய ஆட்சியைச் சூலையிலேயே ஒப்படைத்தார். 1991 முதல் டாலரோடு நிலையான விகிதத்தில் கட்டப்பட்ட நாணயத்தை நம்பி ஏராளமான குடும்பங்கள் டாலரில் கடன் வாங்கியிருந்தன. நாணயம் சரிந்தால் தவணை பெருகும். வேலையிழந்தவர்கள் ஐவரில் ஒருவர். தவணைக்கும் விலைக்கும் அஞ்சியவர்கள் மற்ற நால்வர். ஆக, விழுந்த சுமையோடு விழக்கூடும் என்று அஞ்சப்படும் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் நான் தொடங்கியது குறைதான்.

ஐஸ்லாந்திலும் கடன் சுமையே பேசியது, ஆனால் அங்கே ஆளுங்கட்சிக்கு எதிராக. 2009-இல் வந்த இடதுசாரிக் கூட்டணி சரிந்த நாட்டை நிமிர்த்தியது; 2013-இல் சமூக சனநாயகக் கூட்டணியின் வாக்கு ஏறத்தாழ 30-இலிருந்து 13 விழுக்காட்டுக்கு விழுந்தது; சரிவுக்கு முன் ஆண்ட கட்சிகளே திரும்பி வந்தன. அங்கே வீட்டுக் கடனின் அசலே பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும். ஒழுங்காகத் தவணை கட்டியவர் ஆண்டு முடிவில் பார்த்தால், வாங்கியதைவிட அதிகக் கடன் நிற்கும். அதைக் குறைப்போம் என்று சொன்ன கட்சிக்கு வாக்கு விழுந்தது.

கேள்வி (வங்கி அதிகாரி): கடைசியாக ஒன்று. இலங்கையில் வென்றவரும் அதே நாணய நிதியத் திட்டத்தைத்தானே தொடர்கிறார்? பின் மக்கள் எதைத்தான் நிராகரித்தார்கள்?

திட்டத்தை நிராகரிக்கவில்லை. முக்கிய எதிர்வேட்பாளர்கள் இருவருமே திட்டத்தைவிட்டு வெளியேற மாட்டோம், நிபந்தனைகளைப் பற்றிப் பேசுவோம் என்றுதான் சொன்னார்கள். ஆகவே மெனெமுக்குக் கைகொடுத்த அச்சம் ரணிலுக்குக் கைகொடுக்கவில்லை. யார் கையில் அந்தத் திட்டம் இருந்தால் செலவு வேறு விதமாகப் பங்கிடப்படும் என்பதுதான் வாக்குச்சாவடியில் கேள்வியாக இருந்தது. 2019-இல் 3 விழுக்காடு பெற்ற அனுர குமார திசாநாயக்க 42 விழுக்காடு பெற்று, இரண்டாம் விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டபின் சனாதிபதி ஆனார்; நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி 225-இல் 159 இடங்களை வென்றது. வருமான வரி விலக்கு வரம்பு ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. பெறுமதி சேர் வரி 18 விழுக்காடாகவே நின்றது. தள்ளிப்போடப்பட்டிருந்த உள்ளாட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில் நடந்தபோது, நவம்பரில் 61 விழுக்காட்டைத் தாண்டியிருந்த அந்தக் கூட்டணியின் வாக்கு 43 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இதைச் சுமைக்குக் கிடைத்த தீர்ப்பு என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் உள்ளாட்சித் தேர்தலையும் நாடாளுமன்றத் தேர்தலையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று மற்றவர்களைக் கண்டிப்பவன் நான் என்பதால் எழுதவில்லை.